அவசரத்துக்கு ஒரு நம்பர்

தகர டிரங்குப் பெட்டி திடீரென்று அலறியது.

மண்டபத்துக்கு வந்தவர்கள் வாசலில் ஒப்படைத்த போன்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. மேடையில் வண்ணக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தவர் ஏணியின் நடுப்படியிலேயே நின்றுவிட்டார். பின்கதவின் தாழ்ப்பாள் சட்டென்று திறக்கிறதா என்று ஏழாவது தடவையாகச் சோதித்துக்கொண்டிருந்த ஹெல்மெட் திரும்பிப் பார்த்தார்.

"யாருக்கோ வீட்டிலேர்ந்து போன். எந்த நம்பர் போனுன்னு பார்த்துக் கூப்பிடுங்க மேடம்" என்றார்.

வாசலருகே மேசை போட்டு உட்கார்ந்திருந்த நூலகர், காதில் வைத்திருந்த ரிசீவரைக் கீழே வைத்தார். பெட்டி அடங்கியது. மறுபடி எடுத்து எண்களை அழுத்தினார். பெட்டி மறுபடி அலறியது.

"சார், வெளியிலேர்ந்து யாரும் கூப்பிடல. நான்தான் கூப்பிடறேன். பதினோராம் நம்பர்காரர் தன் ஃபாரத்துல அவசரத் தொடர்புன்னு எழுதிக் குடுத்த நம்பர் இது. அந்த ஆள் இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கார் போல."

மண்டபம் குபீரென்று சிரித்தது. ஹெல்மெட் சிரிக்கவில்லை. பாதுகாப்பு விஷயத்தில் அவர் சிரிப்பதில்லை.

ஹெல்மெட் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அவர் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. கேன்டீனில் சாப்பிடும்போதுகூடத் தலைக்கவசத்தைக் கழற்ற மாட்டார் என்பதால் தொழிலாளிகள் வைத்த பெயர் அது. குழுவில் யாரும் சொந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்று அவரே விதி போட்டபோது, மற்றவர்கள் நூலகர், தையல்காரர் என்று தொழிலைச் சொல்லிக்கொள்ள, இவர் வேறு பெயர் எதுவும் தோன்றாமல் அதையே இங்கேயும் வைத்துக்கொண்டார். தொழிற்சாலைக்காரன் எவனாவது கேட்டால் அரை நொடியில் கண்டுபிடித்துவிடுவான் என்பது மட்டும் அவர் மூளைக்கு எட்டவில்லை.

குழு என்றால், ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், திருநங்கையர், திருநம்பியர், இன்னும் எந்தப் பெட்டியிலும் அடங்காதவர்கள் என்று பல ஊர்களில் சிதறிக் கிடக்கும் கூட்டம். பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்று அழைப்பிலேயே போட்டிருக்கும். வருஷத்தில் ஒருமுறை, இரண்டு நாள், ஏதாவது ஒரு ஊரில் மண்டபம் பிடித்துக் கூடுவார்கள். பேசுவார்கள், ஆடுவார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள். மற்ற ஜனங்கள் தினமும் செய்கிற காரியங்கள்தான். இவர்களுக்கு அதற்கு ஒரு ஏற்பாட்டுக் குழு வேண்டியிருந்தது.

அந்த ஏற்பாட்டுக் குழுவின் பாதுகாப்புப் பிரிவே ஹெல்மெட்தான். பதினோரு வருஷமாக வீட்டு மாடியறையில் உட்கார்ந்து சுற்றறிக்கை எழுதித் தள்ளியிருந்தார். வண்டி எண்ணை ஒரு நண்பருக்கு அனுப்பிவிட்டு ஏறவும். புதிதாய்ப் பழகியவரை முதலில் நாலு பேர் நடமாடும் இடத்தில் சந்திக்கவும். உங்கள் கோப்பையை நீங்களே ஊற்றிக்கொள்ளவும். கீழே வைத்துவிட்டுப் போனால் அதை மறந்துவிடவும். மண்டபத்தை விட்டுத் தனியாக வெளியேற வேண்டாம். படம் எடுப்பதைத் தவிர்க்க போன்களை வாசலில் பெட்டியில் ஒப்படைத்து எண் வில்லை பெற்றுக்கொள்ளவும். வேலை பார்க்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் எதையும் எடுத்து வரவேண்டாம்.

எல்லாம் நல்ல விதிகள். எழுதியவர்தான் பதினோரு வருஷத்தில் ஒருமுறைகூடக் கூட்டத்துக்கு வந்ததில்லை. வருவது பாதுகாப்பில்லை என்று கணக்குப் போட்டிருந்தார்.

இந்த வருஷம்தான் முதல்முறை. இரண்டு பஸ் மாறி, ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, பின்னால் யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொள்ள ஒரு மருந்துக்கடையில் நின்று தேவையில்லாத இருமல் மருந்து வாங்கி, அப்புறம்தான் மண்டபத்துக்கு வந்தார். அத்தனை எச்சரிக்கைக்கும் முத்திரை வைத்ததுபோல, பஸ்ஸில் குளிருக்குப் போட்டிருந்த ஜாக்கெட்டின் முதுகில் தொழிற்சாலையின் பெயர், இருட்டிலும் ஒளிரும் எழுத்தில், முழம் நீளத்துக்கு இருந்தது. கண்டக்டர்தான் கூப்பிட்டுச் சொன்னார். "பெயின்ட் கம்பெனி சார்! பையை மறந்துட்டு இறங்கறீங்க!"

சாயங்காலம் ஆறு மணிக்கு மேடையில் அவர் பேச வேண்டும். தலைப்பு: பயமில்லாமல் பயணம்.

கிளம்பும்போது அக்காவிடம் சொன்ன பொய்யும் பெரிய பொய்யாக அவருக்குத் தோன்றவில்லை. அக்கா அரசு ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவின் தலைமை நர்ஸ். அவள் வீட்டு மாடியில்தான் இவர் குடியிருப்பு.

"பாதுகாப்புப் பயிற்சிக்கா. ரெண்டு நாள்" என்றிருந்தார்.

அக்கா டிபன் டப்பாவை மூடியபடி கேட்டாள். "பத்திரமா இருக்கக் கத்துக்கிறதுக்கு வெளியூர் போகணுமாடா?"

"கம்பெனி அனுப்புது."

"அனுப்பட்டும், அனுப்பட்டும்" என்றாள் அக்கா. அதோடு விட்டாள். முன்னெல்லாம் வாரம் தவறாமல் யாராவது ஒரு பெண்ணின் ஜாதகத்தையும் படத்தையும் கொண்டுவந்து மாடியில் நீட்டுவாள். போன வருஷத்திலிருந்து ஏனோ அந்தப் பேச்சே இல்லை. ஹெல்மெட் அதைத் தன் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தார்.

இப்போது நூலகர் அடுத்த படிவத்தை எடுத்தார். டயல் செய்தார். பெட்டிக்குள் ஒரு குழந்தை சிரித்தது. யாருடைய போன் ஒலியோ அது. அதற்கடுத்தது, பெட்டிக்குள் ரயில் கூவியது. பன்னிரண்டாம் எண்காரர் பதினெட்டாம் எண்காரரையும், பதினெட்டு பன்னிரண்டையும் எழுதியிருந்தார்கள். ஒரு பெண் தன் தோழியை, தோழி தன் தோழியை, அந்தத் தோழி முதல் பெண்ணை என்று ஒரு வட்டமே போட்டிருந்தார்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் பெட்டி ஒவ்வொரு குரலில் பதில் சொன்னது. ஐம்பத்து மூன்று படிவத்தில் முப்பத்தொன்று அப்படிப் பெட்டிக்குள்ளேயே முடிந்தது.

மிச்சத்தில் பாதியை யாரும் எடுக்கவில்லை. ஒரு நம்பரை எடுத்தது ஒரு பல் ஆஸ்பத்திரி.

"அவரா?" என்று அங்கிருந்த பெண் கத்தியது மண்டபத்துக்கே கேட்டது. "மூணு தடவை நேரம் வாங்கிட்டு வரவே இல்ல. கடவாய்ப் பல்லை அப்படியே விட்டா ஆபத்துன்னு சொல்லுங்க அவர்கிட்ட!"

ஹெல்மெட் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து, கால்கள் ஆடுகின்றனவா என்று அசைத்துப் பார்த்துவிட்டு, அதன்மேல் ஏறி நின்றார்.

"சிரிக்காதீங்க! இங்க தீப்பிடிச்சா? யாராவது மயங்கி விழுந்தா? போலீஸ் வந்து நின்னா? உள்ள இருக்கிறவருக்கு உள்ள இருக்கிறவரே தொடர்புன்னா, ரெண்டு பேரும் கைகோத்துக்கிட்டுப் புகையில நிக்க வேண்டியதுதான். ஏழாம் விதியைப் படிச்சீங்களா இல்லையா?"

"நீயே படிச்சுடுய்யா ஹெல்மெட்டு. உன் வாயால கேட்டாத்தான் நல்லாருக்கும்" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. தையல்காரர்.

ஹெல்மெட் மனப்பாடமாகவே சொன்னார். "வெளியே இருக்கும் ஒருவரின் நம்பர் தரவேண்டும். அவருக்கு நீங்கள் உண்மையில் எங்கே இருக்கிறீர்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். பொய் முகவரி சொல்லி வைத்திருக்கும் ஆளால் ஆம்புலன்ஸுக்கு வழி சொல்ல முடியாது. அப்படி ஒருவர் இல்லாதவர் ஐந்து மணி பஸ்ஸில் ஊர் திரும்ப வேண்டும். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு மட்டும் நம் வக்கீல் அம்மா பொறுப்பேற்பார்."

இந்த விதி வானத்திலிருந்து குதிக்கவில்லை. போன வருஷம் இந்தத் தையல்காரருக்கு நடந்ததிலிருந்துதான் பிறந்தது. போனில் பழகிய ஒருவனை நம்பி ஆளில்லாத கட்டடத்துக்குப் போனார். அங்கே மூன்று பேர் இருந்தார்கள். அடித்துப் போட்டுவிட்டு, இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். இரண்டு நண்பர்கள் தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே படிவத்தை நீட்டி, "நீங்க இவருக்கு என்ன உறவு?" என்று கேட்டபோது இரண்டு பேரும் ஊமையாகிவிட்டார்கள்.

ஹெல்மெட்டும் தையல்காரரும் ஒரே ஊர். பத்து வருஷமாகப் போனில் மட்டுமே பழக்கம். நேரில் பார்ப்பது பாதுகாப்பில்லையே! செய்தி கேட்டு ஹெல்மெட் ஓடினார்தான். ஆனால் அது அக்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி. வாசலைத் தாண்ட அவர் கால் வரவில்லை. எதிர்ப்புற டீக்கடையில் நின்றுகொண்டு, உள்ளே இருந்த நண்பரின் போனில் ஸ்பீக்கர் வழியாக உத்தரவு போட்டார். "கழுத்தை அசைக்காதே! தலைக்குக் கீழே எதுவும் வைக்காதே!" எப்படியோ சேர்த்துக்கொண்டார்கள், எப்படியோ கையெழுத்து ஆயிற்று என்று பிறகு கேள்விப்பட்டார். எப்படி என்று அவர் கேட்கவில்லை. கேட்டால், நீ ஏன் உள்ளே வரவில்லை என்று பதிலுக்குக் கேள்வி வரும்.

இன்று காலை முதல்முறையாக நேரில் பார்த்தபோது தையல்காரர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரு பொட்டலத்தை மட்டும் கையில் திணித்தார். கரும்பச்சைச் சட்டை. "ஆறு மணிக்கு இதைப் போட்டுக்கிட்டுத்தான் மேடை ஏறணும். அளவு எடுக்க நீ எங்க விட்டே? பத்து வருஷம் குரலைக் கேட்டிருக்கேன், அதை வச்சுத் தைச்சேன்" என்றார். ஹெல்மெட் கழிப்பறையில் போய்ப் போட்டுப் பார்த்தார். தோள்பட்டை அச்சாக இருந்தது. அதைக் கழற்றி மடித்து வைக்க அவருக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"ஒரு நல்ல சேதியும் இருக்கு சார்" என்றார் நூலகர். "இந்த ஒரு நம்பரை மூணு பேர் எழுதியிருக்காங்க. நம்ம தையல்காரரும், அவரோட ரெண்டு நண்பர்களும். மூணுலயும் உறவு 'அக்கா'. முதல் மணியிலேயே எடுத்தாங்க. எடுத்ததும் 'எந்தத் தம்பி?'ன்னுதான் கேட்டாங்க. சோதனைக்குத்தான் கூப்பிட்டோம்னதும் ஒரு திட்டு திட்டிட்டு வச்சுட்டாங்க."

"பாருங்க! அது தொடர்பு! யாரோ ஒரு புண்ணியவதி. அந்த மாதிரி ஆளைத்தான் பிடிக்கணும்" என்றார் ஹெல்மெட், நாற்காலியிலிருந்து எச்சரிக்கையாக இறங்கியபடி.

"பிடிச்சாச்சுய்யா" என்றார் தையல்காரர்.

"கடைசி ஃபாரம்" என்று நூலகர் எண்களை அழுத்தினார்.

பெட்டி அலறவில்லை. மண்டபம் காது கொடுத்தது. எங்கோ மெல்லிசாக, மூக்கடைத்த குரலில், ஒரு மணி அடித்தது. மேடை ஓரத்தில் சிவப்புக் கூட்டல் குறி போட்ட வெள்ளைப் பெட்டியிலிருந்து வந்தது. ஹெல்மெட்டின் முதலுதவிப் பெட்டி.

ஏணியிலிருந்தவர்தான் இறங்கிப் போய்த் திறந்தார். பஞ்சு, கத்தரிக்கோல், விசில், இருமல் மருந்து, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்ன போன் துள்ளிக்கொண்டிருந்தது.

"ஐம்பத்து மூணாம் நம்பர்" என்று நூலகர் படிவத்தைப் படித்தார். "பேரு, ஹெல்மெட். அவசரத் தொடர்பு, நம்பிக்கையான நண்பர். சார்... இது உங்க ரெண்டாவது போனா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அதுதான் ஹெல்மெட்டுக்கு அதிகம் வலித்தது. 

"போனைப் பெட்டியில குடுக்காதது ஒண்ணு" என்று தையல்காரர் விரலை மடக்கினார். "தனக்குத் தானே ஆபத்பாந்தவன், அது ரெண்டு. ஏழாம் விதி என்னய்யா சொல்லுது?"

"அஞ்சு மணி பஸ்" என்றார் ஹெல்மெட்.

மணி நாலே கால்.

அடுத்த அரை மணியில் வராந்தா சந்தைக்கடை ஆயிற்று. பெட்டியிலிருந்து போன்களை வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராகத் தூணுக்கு ஒருவர் நின்று பேசினார்கள். ஒருவர் முன்னாள் மனைவியைக் கூப்பிட்டார். அவள், "இதுக்காவது என்னைக் கூப்பிடத் தோணுச்சே" என்றாளாம். பல் ஆஸ்பத்திரி நம்பரைக் கொடுத்தவர் தன் வீட்டுச் சொந்தக்காரரிடம் மென்று விழுங்கி உண்மையைச் சொன்னார். "அதெல்லாம் சரி, தண்ணிக் குழாயை மூடிட்டுப் போனீங்களா?" என்று பதில் வந்தது. ஒரு பெண் பேசிவிட்டு அழுதாள், அழுதுகொண்டே நூலகரிடம் வந்து நம்பரைச் சரியாக எழுதிக் கொடுத்தாள். இன்னொருத்தி தன் அண்ணனிடம் பாதி பேசும்போதே போனை அமர்த்திவிட்டு வக்கீல் அம்மாவின் பட்டியலில் சேர்ந்தாள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஹெல்மெட் பையைக் கட்டினார். முதலுதவிப் பெட்டியைக் கட்டினார். பச்சைச் சட்டையைத் தையல்காரரிடம் நீட்டினார்.

"இதை நான் என்ன பண்ண? வேற எவனுக்கும் பத்தாது" என்றார் தையல்காரர், வாங்காமல். "வக்கீல் அம்மா லிஸ்ட்ல உன்னையும் போடச் சொல்லட்டுமா?"

"அது வீடு இல்லாதவங்களுக்கு. எனக்கு வீடு இருக்கு."

"இருக்கில்ல? வீட்டுல ஆள் இருக்கில்ல?"

"ஒரு அக்கா இருக்கா. என்னைப் பயிற்சிக்குப் போனதா நினைச்சுக்கிட்டிருக்கா."

"சொன்னா என்ன ஆகும்னு பயம்?"

ஹெல்மெட் தொழில் முறையில் யோசித்தார். நடக்கக்கூடியது எது, நடந்தால் சேதம் எவ்வளவு, தடுக்க வழி என்ன? பதினோரு வருஷமாக அந்தக் கட்டத்தை அவர் நிரப்பி வைத்திருந்தார். சேதம் என்ற இடத்தில் ஒரே ஒரு விஷயம்தான்: தினமும் ராத்திரி வேலை முடிந்து வரும் அக்கா, மாடிப்படியின் கீழே நின்று, "டேய், தூங்கிட்டியா?" என்று கேட்பாள். அது நின்றுவிடும்.

"அவ பேசாம போயிட்டா?" என்றார்.

 தையல்காரர் நெற்றியில் தையல் போட்ட தழும்பைச் சொறிந்துகொண்டு சொன்னார். "நான் ரத்தத்தோட கிடந்தப்போ ஒரு அக்கா கிடைச்சாங்கய்யா, முன்னப்பின்ன தெரியாத அக்கா. கூடப் பிறந்தவளை வச்சுக்கிட்டு நீ பஸ்ஸைத் தேடறே. போ, பஸ் வந்துடும்."

ஹெல்மெட் பையைத் தோளில் மாட்டினார். வாசல்வரை போனார். தீயணைப்பு உருளையின் சீட்டில் தேதியைப் பார்த்தார். காலாவதியாக இன்னும் எட்டு மாதம் இருந்தது. அதற்குமேல் சோதிக்க அந்த மண்டபத்தில் அவருக்கு எதுவும் மிச்சம் இல்லை. பையை இறக்கி வைத்துவிட்டு நூலகரின் மேசைக்கு வந்தார்.

"எழுதிக்குங்க மேடம். உறவு, அக்கா." நம்பரைச் சொன்னார்.

நூலகர் எழுதிக்கொண்டே வந்தார். ஆறாவது இலக்கத்தில் பேனா தயங்கியது. கடைசி இலக்கத்தில் நின்றே விட்டது. தாளைத் தூக்கி வேறொரு தாளைப் பார்த்தார்.

"என்ன மேடம்? தப்பா?"

"தப்பில்ல சார்" என்றார் நூலகர். எண்களை அவரே அழுத்தினார். தாளைப் பார்க்காமலே அழுத்தினார். ரிசீவரை ஹெல்மெட்டின் கையில் கொடுத்துவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து போய்த் தையல்காரரின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

முதல் மணியிலேயே எடுத்தார்கள். பின்னால் தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது.

"மறுபடியும் நீங்களா? இப்ப எந்தத் தம்பிக்கு என்ன ஆச்சு?"

 அக்காவின் குரல். அதில் சந்தேகமே இல்லை. வார்டு ஜனங்களை அதட்டும் அதே குரல்.

"அக்கா... நான்தான்."

சக்கரம் நின்றது.

"ஏன்டா, பயிற்சி நடக்குற இடத்துல டெலிபோனெல்லாம் குடுக்கறாங்களா?"

"பயிற்சி இல்லக்கா. பொய் சொன்னேன். இங்க ஒரு கூட்டம். உனக்கு இதுக்கு முன்னால போன் வந்த அதே கூட்டம். அவங்களைப் பத்தி உனக்கு என்ன தெரியுமோ தெரியல. நானும் அவங்கள்ல ஒருத்தன். ரொம்ப வருஷமா." ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, மூச்சு வாங்கினார். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா கூப்பிட ஒரு நம்பர் கேக்கறாங்க. நான் நிஜமா எங்க இருக்கேன்னு தெரிஞ்ச ஆளா இருக்கணுமாம். விதி. இல்லேன்னா அஞ்சு மணி பஸ்ஸுல திரும்பணும்."

"யாரு போட்ட விதி?"

"நான்தான்."

 சுவர்க் கடிகாரத்தில் முள் ஒரு நிமிஷம் நகர்ந்தது. ஹெல்மெட் எதிரே பார்த்தார். தையல்காரர் அவர் பையிலிருந்து பச்சைச் சட்டையை எடுத்து, பித்தான்களை ஒவ்வொன்றாகத் திறந்து, போட்டுக்கொள்ள வாகாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா? இருக்கியா? இந்த மூணு பேரும் உன்னை எப்படி... நீ எப்படி அவங்களுக்கு அக்காவானே?"

"போன வருஷம் கட்டில் பக்கத்துல ஸ்பீக்கர்ல ஒரு குரல் 'கழுத்தை அசைக்காதே'ன்னு கத்துச்சு, எங்கேயோ கேட்ட குரலா இருக்கேன்னு ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா எதிர்க் கடையில நீ போனும் கையுமா நாலாவது டீ குடிச்சுக்கிட்டு நடுங்கிக்கிட்டு நிக்கிற, அப்புறம்தான்டா அந்த ஃபாரத்தை வாங்கி, உறவுங்கிற இடத்துல நானே 'அக்கா'ன்னு எழுதினேன்."